அன்னபேதி கலந்த தண்ணீர்

இன்று காலை உரக்கடைக்குப் போயிருந்தேன். வீட்டு எலுமிச்சையின் இலை வெளுத்துக்கொண்டே வந்தது. கடைக்காரர் பார்த்த உடனே, "இரும்புச்சத்து இல்லீங்க, அன்னபேதி கொஞ்சம் கரைச்சு ஊத்துங்க" என்று சொல்லி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே வெளிர்பச்சைக் கல் உப்பு. ஓரங்களில் துரு ஏறிப் பழுப்பாக இருந்தது. மழையில் நனைந்த பழைய இரும்புக் கட்டிலிலிருந்து வருமே, அந்த வாடை. உன் கையில் அந்த வாடை ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு மோந்து பார்த்து, "போக மாட்டேங்குது புள்ள" என்பாய். வாங்க வந்ததை வாங்காமலே கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

நீ அப்போது உங்கள் ஊராட்சியின் தலைவர். சங்ககிரிக்குப் பக்கத்தில் தறிச் சத்தமும் லாரிச் சத்தமும் ஓயாத ஊர். நான் சேலத்தில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து நமக்குள் ஒளிவு மறைவு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து நின்றாய். கைப்பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து மேசைமேல் வைத்தாய்.

"ஏம்புள்ள, போர்த் தண்ணி மஞ்சத்தூள் போட்டாப்பல வருது. ஊரே இதைத்தான் குடிக்குது. என்னன்னு பாத்துச் சொல்லு."

மறுநாள் கல்லூரி ஆய்வகத்துக்கு உன்னையும் அழைத்துப் போனேன். தண்ணீரில் சில சொட்டு அமிலம் விட்டுச் சோதனை மருந்தைச் சேர்த்ததும் சோதனைக் குழாய் முழுவதும் சிவந்த ஊதாவாக மாறியது. "நெம்ப அழகா இருக்குதே" என்றாய். அது குரோமியம் என்றேன். அதிலேயே விஷமான வகை. ஆறு இணைதிறன் குரோமியம் என்பார்கள். நாள்பட உள்ளே போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழி வைக்கும். மண்ணில் தானாக இவ்வளவு வராது, குரோம் முலாம் பூசுகிற பட்டறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

பேருந்து ஏற்றிவிடும்போதுதான் சொன்னாய்: "எங்கண்ணன் பட்டறைதான்."

உன் அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்கும் சேர்த்து இளநீர் வெட்டித் தருவார். ஆழ்துளை போடும் ரிக்கு வண்டிகளின் இரும்புத் தண்டுகளுக்கு முலாம் பூசுகிற தொழில். முலாம் தொட்டியின் கழிவை அவர் வெளியே எங்கும் விடவில்லை. தோப்பில் தண்ணீர் வற்றிப்போன பழைய ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தது. அதற்குள் விட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரியாமல் போனது, அதனால் போய்விட்டது என்று நினைத்தார்.

அவரிடம் பேசப் போனபோது என்னையும் கூட்டிப் போனாய். "அண்ணா, அந்தக் குழியில ஊத்தறத நிறுத்துங்க. ஊர்த் தண்ணி விஷமாயிருச்சு" என்று கெஞ்சும் குரலில்தான் சொன்னாய்.

"எந்த ஊர்த் தண்ணி? உனக்கு ஓட்டுக் கேட்டு ஊடு ஊடா ஏறி எறங்குனனே, அந்த ஊரா? அப்ப நான் அண்ணன். இப்ப நான் விஷம் வெக்கறவனா?"

"உங்க ஊட்டுலயும் அந்தத் தண்ணிதானுங்கண்ணா."

"இருக்கட்டும். நீ போய் உன்ற வேலையப் பாரு."

நீ உன் வேலையைத்தான் பார்த்தாய். தலைவர் என்ற முறையில் நீயே புகார் எழுதிக் கொடுத்தாய். பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அதோடு பிறந்த வீட்டு வாசலும் உனக்கு அடைபட்டது. அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் பத்திரிகை போனது, அத்தைக்காரிக்கு மட்டும் இல்லை. கல்யாணத்தன்று நீ சேலத்துக்கு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாய்.

பட்டறையை மூடினால் மட்டும் நிலத்தடியில் இறங்கிய விஷம் மேலே வந்துவிடுமா? காவிரித் தண்ணீர் எப்போதாவது வரும், அதுவும் பாதி ஊருக்கு. அதே போர்த் தண்ணீரைச் சுத்தம் செய்வதைத் தவிர வழி இருக்கவில்லை. என்னோடு படித்த பொறியாளர் ஒருவரைப் பிடித்தோம். மாவட்ட அலுவலகத்தின் படிகளை நீ தேய்த்த தேய்ப்பில், மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வந்தது.

செய்முறை எளிதுதான். அன்னபேதியைக் கரைத்துத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால், அதிலுள்ள இரும்பு குரோமியத்தின் விஷ வகையை அவ்வளவு தீங்கில்லாத இன்னொரு வகையாக மாற்றிவிடும். மாறியது கரைந்து நிற்காது, துரு நிறச் சேறாகத் திரண்டு அடியில் படியும். தெளிந்ததை மணல் வடிகட்டியில் விட்டு எடுக்க வேண்டும். முதல் நாள் கலக்கும் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாய். "மஞ்ச போச்சு! ஏ புள்ள, மஞ்ச போச்சு!" என்று நீ கத்தியதில் தறிக்குடோன்களிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். வடிகட்டியிலிருந்து வந்த தண்ணீரைச் சோதித்தேன். ஊதா நிறம் வரவே இல்லை.

விஷத்தை எடுப்பது இத்தனை சுலபம் என்றால் மற்றதும் சுலபமாக இருக்கும் என்று நாம் இருவரும் நம்பினோம். வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். கழுவத் தவறினால் இரும்பு தப்பி வரும், வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும். வேலைக்கு வைத்த ஆட்கள் நிற்கவில்லை. நீயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உப்பைக் கரைத்தாய். அப்படியும் சில நாள் கறை பிடித்தது. அது போதுமாயிருந்தது ஊருக்கு.

அடுத்துக் கூடிய கிராமசபைக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். ஒரு பெண் தன் பையனின் பள்ளிச் சட்டையை உயர்த்திக் காட்டினாள். "பயிருக்குப் போடற உப்பக் கரைச்சு எங்க வயித்துல ஊத்தறீங்களே, உங்க ஊட்டுக் கொழந்தையா இருந்தாச் செய்வீங்களா?" என்று கேட்டாள். நீ பொறுமையாகப் பதில் சொன்னாய். கறை துணிக்குத்தான், வடிகட்டியைச் சரி செய்துவிடலாம், மருந்தை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்றாய். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து உன் அண்ணன் எழுந்தார்.

"எங்கப்பங் காலத்துல மருந்து போட்டாத் தண்ணி குடிச்சோம்? என்ற பொழப்புல மண்ணப் போட்டா, பேசாம இருந்தேன். இப்ப ஊர் வயித்துல துருவப் போடறா. மூடுங்கப்பா அத!"

கை தட்டினார்கள். நீ சுத்தம் செய்துகொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த அத்தனை பேரும் தட்டினார்கள்.

அடுத்த தேர்தலில் நீ தோற்றாய். புதுத் தலைவர் வந்ததும் முதல் வேலையாக நிலையத்தைப் பூட்டினார். அதற்குள் நல்ல மழை பெய்து மஞ்சள் நிறம் மங்கியிருந்தது. "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது, இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்தார்கள். நீ மறுபடி பிடித்துக் கொண்டுவந்த தண்ணீரை நான் சோதித்தேன். ஊதா குறைந்திருந்தது, போய்விடவில்லை. அந்தச் சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய். பாதி வீட்டில் கதவைச் சாத்தினார்கள். "தோத்தவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று உன் காதுபடவே சொன்னார்கள். என்னிடம் வந்து அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "ஆரு தொறந்தா என்ன புள்ள, நல்ல தண்ணி வந்தாச் சரி" என்பாய். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு வந்த எரிச்சலை நீ அறிய மாட்டாய்.

மாவட்ட அலுவலகத்தில் மறுபடியும் மனு கொடுக்கக் கிளம்பி, சங்ககிரி பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழவில்லை.

செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும். உன் மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் அனுப்பியும் வரவில்லை. வெயில் ஏறியது. பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கடைவீதியிலிருந்து ஒரு சேலை வாங்கி வந்து நான் போர்த்தினேன். அதற்கும் ஒரு கிழவி, "முறையில்லாத கோடி" என்றாள்.

நாலு மாதத்துக்கு முன் என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் உன் அண்ணன். மெலிந்திருந்தார். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில்.

"பேத்திக்கு வாயெல்லாம் புண்ணுங்க அம்மிணி. ஆறவே மாட்டேங்குது. எந்தத் தண்ணி குடிக்கறீங்கன்னு டாக்டர் கேட்டாருங்க."

வாயைப் புண்ணாக்கியது தண்ணீர்தானா என்று எனக்குத் தெரியாது. சோதனை மருந்து வீட்டில் இருந்தது. கண்ணாடி போன்ற அந்தத் தண்ணீர் அவர் கண்ணெதிரே ஊதாவாக மாறியது. குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி இதத்தான் கொண்டாந்து காட்டுனா. நான் கதவத் தொறக்கல" என்றார். பிறகு, "அந்தப் பிளாண்டத் தொறக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை..."

"மூடச் சொன்னது நீங்க. தொறக்கவும் நீங்களே சொல்லுங்க" என்றேன். உள்ளே வாருங்கள் என்றோ காப்பி சாப்பிடுகிறீர்களா என்றோ நான் கேட்கவில்லை. நீ கேட்டிருப்பாய்.

அவர் ஊரில் போய்ச் சொன்னார். ஊர் கேட்டது. உன் வாயிலிருந்து வந்தபோது கிறுக்காக இருந்த அதே சொல், அவர் வாயிலிருந்து வந்தபோது நியாயமாகிவிட்டது. புது வடிகட்டி வந்தது, மாதச் சம்பளத்துக்கு ஆளும் வந்தார். போன வாரம் திறப்பு விழா. பந்தல், ஒலிபெருக்கி, கேசரி. அண்ணனுக்குச் சால்வை போட்டு, ஊரைக் காத்தவர் என்றார்கள். அவர் மைக்கைப் பிடித்து, "என்ற தங்கச்சி இருந்திருந்தாச் சந்தோசப்படுவா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கும் கை தட்டினார்கள்.

சோதிக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சோதித்தேன். துளி ஊதா இல்லை. மாதாமாதம் வந்து பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டும் வந்திருக்கிறேன். கிளம்பும்போது உன் அண்ணன் ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்து, "குடிங்க அம்மிணி" என்று இரண்டு கையாலும் நீட்டினார். சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

நல்ல தண்ணீர்தான். இன்னும் என் தொண்டையை விட்டு இறங்கவில்லை.