அணைக்கச் சொன்ன பெட்டி

இன்று காலை சர்வர் அறையில் பழைய பெட்டிகளை ஒதுக்கும்போது உன் கையெழுத்து கண்ணில் பட்டது. ஒரு பெட்டியின் பின்புறம் மஞ்சள் சீட்டு. அதில் உன் கோணல் தமிழில், 'யாரும் அணைக்காதீங்க.' நீ போய் இரண்டு வருஷமாகியும் ஒட்டு விடவில்லை. முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.

நான் வேலூர்க்காரி, நீ பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்தவன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் நம் பொறுப்பில் இருந்தது. அது ஓடும் மூல சர்வர் விழுந்தால் அதன் இடத்தைப் பிடிக்க ஸ்டாண்ட்பை என்று ஒரு பிரதி வேண்டும். நீ பிசிக்கல் என்றாய், நான் லாஜிக்கல் என்றேன்.

"பிசிக்கல்னா ஜெராக்ஸ் தாயே. லாஜிக்கல்னா ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் எழுதுற டிக்டேஷன். ஜெராக்ஸ் மெஷின் படிச்சுப் பாக்காது, அதான் வேகம்" என்றாய்.

எனக்கோ பிரதி சும்மா கிடக்கக் கூடாது. அதிலேயே ரிப்போர்ட் எடுக்கவேண்டும், தேடல் வேகமாக நடக்க அதற்கென்று தனி இண்டெக்ஸ் போடவேண்டும். மேனேஜரிடம் வாதாடி ஜெயித்தேன். நீ ஏற்கெனவே பிசிக்கல் ஓட்டிக்கொண்டிருந்த பெட்டியை அணைக்கச் சொன்னேன். "ஆகட்டும்" என்றாய்.

மருந்து டேபிளுக்கு, ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீ இல்லாததை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை பழைய மருந்துப் பதிவுகளைத் திருத்த ஒரே ஒரு கட்டளை ஓடியது. மூலத்தில் சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. லாஜிக்கலில் அதுவே வரிக்கு ஒன்றாக லட்சக்கணக்கான கட்டளைகளாகி, ஒவ்வொரு வரிக்கும் டேபிள் முழுவதையும் துழாவிக்கொண்டிருந்தது. மதியம் மூலம் விழுந்தபோது என் பிரதி நாலு மணி நேரம் பின்னால் நின்றது. யாருக்கு எந்த ஊசி போட்டாயிற்று என்று வார்டில் கேட்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாய். "அந்தப் பெட்டிய நான் அணைக்கல. திட்டுறதுன்னா அப்புறமா திட்டு."

அது சில விநாடிதான் பின்தங்கியிருந்தது. அதற்கு மாறினோம். கடைசி நாலைந்து பதிவுகளை மட்டும் நர்ஸ்கள் மறுபடி போட்டார்கள். ஒருவருக்கும் ஊசி இரண்டு தடவை போகவில்லை.

"ரெண்டையும் ஓட விட்டது உங்க ஐடியாவாம்மா?" என்று மேனேஜர் கேட்டார். நான் தலையாட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற நீ டீ குடிக்கப் போனாய். அந்தத் தலையாட்டலுக்கு எனக்குப் பதவி உயர்வும் வந்தது. உண்மையை நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். உன் நெஞ்சுவலி அதுவரை பொறுக்கவில்லை.

இன்று சர்வர் அறையிலிருந்து நேராக மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா இது?" என்றார். "அவன் செஞ்சது அவன் பேர்ல இருக்கணும் சார்" என்றேன். வெளியே வந்து உன் மனைவிக்கு போன் போட்டு, அழாமல் சொல்லி முடித்தேன்.

அவர் சிரித்தார். "அன்னைக்கே என்னாண்ட சொல்லிட்டாரு. 'அவ ஒருநாள் தானா சொல்லுவா பாரு'ன்னாரு. நான்தான் நம்பல."

எத்தனை லேசாகிவிட்டது தெரியுமா? இனி அந்தப் பெட்டி போனாலும் போகட்டும். நான் சொல்லுவேன் என்று நீ நம்பியிருந்தாய். அது போதும் எனக்கு.