முடிவான பிறகும் கேட்பவர்கள்

மார்ச் 3, திங்கள்

நேற்று அக்கா வீட்டில் சாப்பாடு. அதற்கு முன் அத்தானின் பிரசங்கம், இலவசம். நடப்பதெல்லாம் உலகம் உண்டாகும் முன்பே ஆண்டவர் தீர்மானித்தது, அவர் சித்தமில்லாமல் ஒரு முடிகூட உதிராது என்றார். (அவர் தலையைப் பார்த்தால் சித்தம் மும்முரமாகத்தான் நிறைவேறுகிறது.) அந்த வாய் மூடுவதற்குள், தண்ணீர் மோட்டார் ரிப்பேர்காரர் இன்றைக்கே வரவேண்டும் என்று ஐந்து நிமிடம் ஜெபம். முடிவான விஷயத்துக்கு எதற்கு மனு என்று கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் நக்கல்" என்றாள் அக்கா. ரிப்பேர்காரர் வரவில்லை. அதுவும் அப்போதே முடிவாகியிருக்கும்.

மார்ச் 5, புதன்

அக்காவின் மார்பில் ஒரு கட்டி. ஒரு மாதமாக இருக்கிறதாம். ஜெபக்குழுவின் ஏழு பெண்களுக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி லேபில் இதே வேலை பார்க்கும் தங்கைக்கு மட்டும் தெரியாது. நன்றாயிருக்கிறது!

ஊசியால் எடுத்த சதை இன்று எங்கள் லேபுக்கே வந்தது. நூல் மாதிரி இரண்டு துண்டு. சொந்தக்காரர்களுடையதை நாங்கள் தொடக்கூடாது என்பது விதி. கூட வேலை பார்ப்பவர் லீவு. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை, நானே மெழுகில் பதித்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மெழுகு பிளாக்கைச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். அதற்குள் அக்காவிடமிருந்து நாலு போன். "என்னடி ஆச்சு?" நாலாவதில் கத்திவிட்டேன். "நீ போன் பண்ணா உள்ள இருக்கறது மாறிடுமா? வரும்போது வரும்!" அவள் வைத்துவிட்டாள்.

அத்தானை மடக்கிய அதே கேள்விதான். ஏன் இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை?

மார்ச் 7, வெள்ளி

"கெட்டது எதுவும் தெரியல" என்றார் டாக்டரம்மா. ரிப்போர்ட்டில் கையெழுத்தாகும் முன்பே அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். ஏழு பெண்களும் போனிலேயே ஸ்தோத்திரம் போட்டதில் என் காது அடைத்துவிட்டது. சாயங்காலம் மறுபடி அக்கா. "இன்னொரு தடவ பாக்கச் சொல்லேன்." நன்றி சொல்லி முடித்த பிறகு மேல்முறையீடு! என்ன விசுவாசமோ.

மார்ச் 8, சனி

ஆறு போன். ஆண்டவருக்கு எத்தனை போயிருக்குமோ, பாவம்.

மார்ச் 10, திங்கள்

அவள் வாயை அடைக்கலாம் என்றுதான் பிளாக்கை மறுபடி எடுத்தேன்.

இங்கேயாவது எழுதித்தான் ஆகவேண்டும். ஊசிச் சதையை மூன்று ஆழத்தில் சீவ வேண்டும். நான் இரண்டோடு நிறுத்தியிருந்தேன். சதை துளியூண்டு, வீணாகிவிடும் என்று எனக்கு நானே சாக்கு. அதெல்லாம் இல்லை. பயம். இன்னும் உள்ளே போகாவிட்டால் அங்கே எதுவும் இருக்காது — பதினேழு வருஷம் இந்த மெஷினில் உட்கார்ந்தவளின் அறிவு!

மூன்றாவதில் இருந்தது.

டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்க வெகுநேரம் ஆனது. "சின்னதுதான், ஆரம்பம். இப்பவே கிடைச்சது நல்லதாப் போச்சு. ஆனா முதல்லயே ஏம்மா வெட்டல?"

எல்லாம் முன்பே முடிவானது என்றால் என் கோழைத்தனமும் முடிவானதா? சரி, அக்காவின் நச்சரிப்பு? அது இல்லாவிட்டால் பிளாக் அலமாரிக்குப் போயிருக்கும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்திருப்போம், பார்த்து என்ன செய்ய? அப்படியானால் கேட்பதையும் சேர்த்துத்தான் திட்டம் போட்டாரா? அத்தானிடம் கேட்கலாம். வேண்டாம், ஒரு மணி நேரம் ஆகும்.

மார்ச் 11, செவ்வாய்

நேரில் போய்ச் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். அழுதது நான்தான். அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு உன்கிட்ட கத்திட்டேன்க்கா."

"நீ மாத்திடுவேன்னு நெனச்சா போன் பண்ணேன்? அங்க நீ இருக்கே, அதான் பண்ணேன். ஆண்டவர்கிட்டயும் அப்படித்தான்டி."

"அவரு மாத்தலேன்னா?"

"அப்பவும் கேப்பேன். அவர விட்டா வேற யார்கிட்டடி கேக்கறது?"

நக்கலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலாக இருந்தது. கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12, புதன்

செய்ததை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

மார்ச் 21, வெள்ளி

நேற்று ஆபரேஷன் முடிந்தது. அக்குளிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சுகள் இன்று லேபுக்கு வந்தன. பரவியிருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். இந்த முறை சீவப்போவது கூட வேலை பார்ப்பவர். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஃபார்மலினில் போட்ட சதை போட்டபடியேதான் இருக்கும், இனி மாறாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் மதியம் ஸ்டோர் ரூமில், கேன்களுக்கு நடுவே நின்று, "ஆண்டவரே, எங்க அக்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கண் எரிந்தது. ஃபார்மலின் நெடி என்றே வைத்துக்கொள்வோம்.

ரிப்போர்ட் திங்கட்கிழமை. இதுவரை ஆண்டவரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.