கோழை என்று சொன்ன டாக்டர்

இன்று தில்லை நகர் லேபில் ஒரு பெண் மூடி போட்ட சின்ன டப்பாவை நீட்டி, "அம்மா, காலையில எழுந்ததும் சளியை இதுல துப்பி எடுத்துட்டு வாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பயந்துபோய் நம் மகனைக் கூப்பிடப் போனாள். உங்களை நினைத்துச் சிரித்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலைக்கோட்டை ஜவுளிக்கடையில் பகலெல்லாம் புடவை விரிப்பீர்கள். சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் நாடக ஒத்திகை. எப்போதும் ராஜா வேஷம்தான். "கோழையே, எடடா வாளை!" என்று நீங்கள் முழங்கினால் எதிரியாக நடிப்பவர் நிஜமாகவே இரண்டடி பின்வாங்குவார். அந்த மாதம் "கோழையே"வுக்கும் "எடடா"வுக்கும் நடுவே இருமல் புகுந்துகொண்டது. நீங்கள் இருமி முடிக்கும்வரை எதிரி மரியாதையாகக் காத்திருப்பார்.

நாட்டு வைத்தியர் கபம் என்று லேகியம் கொடுத்தார். நீங்கள் "சும்மா சளிதான்" என்றீர்கள். உங்கள் கைக்குட்டையைத் துவைக்கும்போது ரத்தப்புள்ளியைப் பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை. க்ஷயரோகம் என்ற வார்த்தையை மனசுக்குள் சொல்லக்கூட எனக்குத் தைரியமில்லை.

தென்னூர் டாக்டரிடம் உங்களை இழுத்துக்கொண்டு போனேன். இளவயதுக்காரர். தனித்தமிழ்ப் பைத்தியம் ஊரெல்லாம் பரவியிருந்த சமயம், அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "கோழை நிறைய இருக்குங்க. சோதிச்சுப் பார்க்கணும்" என்றார்.

ஸ்டூல் உருண்டு விழ எழுந்தீர்கள். "யாருய்யா கோழை?" செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டீர்கள். சோதனைக்குச் சளி கொடுக்காமல் கிளம்பினால் இனி எந்த டாக்டரிடமும் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் அசரவில்லை. "சினம் வேண்டாங்க. சளியைத்தான் அப்படிச் சொன்னேன். மூச்சுல போற தூசியைப் பிடிச்சு வெளியே தள்ள உடம்பே சுரக்கிறதுங்க அது. அதிகமானா ஏன்னு பார்க்கணும், அவ்வளவுதான். கோழை இல்லாத ஆளே கிடையாதுங்க."

வாசலிலேயே நின்றீர்கள். ராஜா குரல் எங்கே போனதோ. "அப்படின்னா எனக்கு ரெண்டு கோழையும் இருக்குங்க டாக்டர். ரத்தம் வருது. பயமா இருக்கு. இவளுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுங்க" என்றேன்.

க்ஷயம்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருடத்தில் போயிற்று. அப்புறம் நாற்பது வருடம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தீர்கள்.

மேடையில் எத்தனையோ ராணிகளின் கையைப் பிடித்தவர் நீங்கள். எல்லோரும் மீசை மழித்த ஆண்பிள்ளை ராணிகள். நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்தது அன்று வீடு திரும்பிய டவுன் பஸ்ஸில்தான். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதும் விடவில்லை. இடது கையால் சட்டைப்பையைத் துழாவினீர்கள். உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது. வாள் பிடித்த கையை ஊரே பார்த்துக் கைதட்டியது. எனக்குக் கிடைத்தது பயந்த கை. அதைத்தான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.