இடது கையால் எழுதியது

கோவென்ட்ரி, 1966 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு, கோல்மன் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

போன வாரம் கட்டட வேலையில் ஏணியிலிருந்து சறுக்கிவிட்டேன். வலது கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஓடிவந்து தூக்கியவன் நம் ஊர் மாலக்கி. தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தான்.

“உங்கப்பா நம்ம கால்பந்துச் சங்கத்தோட வரலாறு எழுதுறாராமேடா? ஐம்பத்தெட்டு ஃபைனல்ல நான் ஆடியிருந்தா கப்பு நமக்குத்தான்னு எழுதச் சொல்லு. இங்கிலீஷ்காரன் பந்தாட்டத்தைப் பார்க்கப் போனேன்னு எந்தப் பய போட்டுக் கொடுத்தானோ!” என்று சிரித்தான்.

அப்பா, செயலாளரான உங்களுக்கு அந்த மொட்டைக் கடிதத்தைப் போட்டவன் நான்தான். நீங்கள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். அந்நிய ஆட்டத்தைப் பார்க்கப் போனவன் நம் நாட்டுப் பந்தாட்டத்தில் ஆடக் கூடாது என்ற சங்க விதிப்படி அவனை விலக்கினீர்கள். அவன் இடத்தில் நான் ஆடினேன். கடைசிப் பந்தை வெளியே அடித்து, ஒரு புள்ளியில் தோற்கவைத்தேன்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்லுங்கள். மாலக்கிக்குப் பின்னித் தர ஆளில்லை.

பஸ் வந்துவிட்டது. வரலாற்றில், அந்தக் கடிதத்தை எழுதியவன் என்று என் பெயரைப் போட்டுவிடுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும், இது வலது கைதான் அப்பா.

கோல்மன்