எட்டுக் கயிறும் ஒற்றைத் தையலும்

தம்பி,

நேற்று உன் மனைவி ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இத்த யாரையும் தொடவே வுட மாட்டாரு அண்ணி. நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள். திறந்ததும் குழந்தைக்குப் போடும் பவுடர் வாசனை. துணியின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நீ தூவியது. உள்ளே, நான் தைத்துக் கொடுத்த ஆரஞ்சு பாராசூட்.

லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதும் உனக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. தீபாவளி ராக்கெட் இல்லை. ஆள் உயரம், மோட்டார் வைத்தது. போன சித்திரையில் அஸ்தினாபுரத்திலிருந்து துணியோடு வந்தாய்.

"எட்டு கயிறுக்கா. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி தையல் போடு. மேல டப்புனு விரியும்போது அவ்ளோ இழுப்பு கீது."

"ஏன், உன் மச்சினிச்சி தைக்க மாட்டாளா?"

"பதினோரு வருசம் ஆச்சி. இன்னுமாக்கா?" என்று சிரித்தாய்.

உன் மகள் கல்யாணத்தில், அத்தை நான் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க, உன் மச்சினிச்சியை முதல் நலங்கு வைக்கச் சொன்னாயே, அதற்குத்தான் சிரித்தாய். நீ போனதும் எட்டுக் கயிற்றுக்கும் ஒரே வரி ஓட்டினேன். "இவனுக்கு இது போதும்" என்று வாய்விட்டே சொன்னேன். மெஷினுக்குக் கேட்டிருக்கும்.

கேளம்பாக்கம் தாண்டி அந்தப் பொட்டலுக்கு என்னையும் அழைத்துப் போனாய். "இது முழுசா எறங்கிட்டா, அடுத்து பெரிய மோட்டாருக்கு எங்க ராக்கெட் கிளப் சார் ஓகே சொல்லிருவாரு" என்று வழியெல்லாம் அதே பேச்சு. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பத்திலிருந்து எண்ணினார்கள். கிளம்பிய சத்தம் என் நெஞ்சில் இடித்தது. புள்ளியாகி, உச்சியில் ஆரஞ்சு துணி விரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. துணி தனியே மிதந்து போயிற்று. ராக்கெட் தலைகீழாக வந்து முழங்கை ஆழம் மண்ணில் குத்தி நொறுங்கியது.

"தையல் யார் போட்டது?" என்று சார் கேட்டார்.

தேடி எடுத்து வந்த துணியின் பிய்ந்த ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தாய். மயிரிழை பார்த்து இரும்பு கடைந்தவன். ஒரு வரி என்று தெரியாமலா இருக்கும்?

"நான்தான் சார். அவசரத்துல போட்டுட்டேன்." அப்புறம் என்னிடம், "வெயில்ல நிக்காதக்கா, வண்டில போய் ஒக்காரு."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாய், டீ குடித்தாய். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் ஒரு காலை உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இப்போது பார்க்கிறேன். இரண்டு கயிற்றை நீயே கையால் தைத்திருக்கிறாய். கோணல்மாணலாக, ஆனால் இரண்டு வரி. மூன்றாவதில் பாதியில் ஊசி நிற்கிறது, துருவேறி. என்னிடம் கொண்டுவரவில்லை நீ.

நலங்கு விஷயத்தில் தப்பு உன்னுடையதுதான். இன்றைக்கும் சொல்வேன். ஆனால், "ஏங்க்கா ஒரு வரி போட்ட?" என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், தீர்ந்திருக்கும். கேட்காமலே போனாய், அந்தக் கோபமும் உன்மேல் இருக்கிறது.

மிச்சக் கயிறெல்லாம் மெஷினில் அரைமணி வேலை. காலையிலிருந்து துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் ஊசியை உருவத்தான் கை வரமாட்டேன் என்கிறது.