மேக்ரோ போட்டால் திமிங்கலம் வரும்

ஜனவரி 8

காலையிலிருந்து ஒரே பல் பிடுங்கல். கடைசியாக வந்த கிழவர் வாயில் கண்ணாடியும் குழாயுமாகப் படுத்துக்கொண்டே, "கல்யாணம் எப்போ டாக்டர்?" என்று கேட்டார். வாய் முழுக்கச் சாமான் இருந்தாலும் இந்த ஒரு கேள்வி மட்டும் எல்லாருக்கும் சுத்தமாக வந்துவிடுகிறது!

பதில் என்னிடம் இல்லை, கேமராவிடம் இருக்கிறது. புத்தாண்டுக்கு எங்கள் கடலோர ஊரான அனிலாவோவே வெடி போட்டுக்கொண்டிருந்தபோது, என்னோடு கடலில் முக்குளிக்கிற சாந்தோ என் காதில் கத்தினான். "வெங், என்னைக் கட்டிக்கிறியா?" நானும் திருப்பிக் கத்தினேன். "முதல்ல சேர்ந்து ஒரு கேமரா வாங்குவோம். வாங்கின பிறகும் பேச்சுவார்த்தை இருந்தா மறுபடி கேளு!"

விளையாட்டுக்குத்தான் சொன்னேனா? பாதி விளையாட்டு. மீதிப் பாதி பயம். அவன் நிலம் அளக்கிறவன், மலையையே ஒரு பார்வையில் முழுங்குவான். நான் கடைவாய்ப் பல்லின் ஓட்டையில் வாழ்கிறவள். கடலுக்குள்ளும் அப்படியே. அவனுக்குப் பவழப் பாறை, மீன் கூட்டம், மேலே சூரியன் எல்லாம் ஒரே படத்தில் அடங்கும் வைட் லென்ஸ் வேண்டும். எனக்கு மிளகளவு இறாலின் மீசையைக் காட்டும் மேக்ரோ வேண்டும். கேமரா ஒன்றுதான் வாங்க முடியும். கரையிலேயே லென்ஸை மாட்டி, நீர் புகாத ஹவுசிங்குக்குள் பூட்டிவிட்டால் மேலே வரும்வரை மாற்ற முடியாது. இதில் ஒத்துப்போனால் எதிலும் ஒத்துப்போவோம்.

இன்று லோமிக் கடையில் நூடுல்ஸ் ஆறிப் பிசினாகும்வரை சண்டை. கடைக்காரி அடுப்பை அணைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தாள்.

ஜனவரி 19

வந்துவிட்டது!! தலைகால் புரியவில்லை. ஒரு கேமரா, ஒரு ஹவுசிங், ஒரு ஃப்ளாஷ், இரண்டு லென்ஸும்! மணிலாவில் ஒருவர் கடலை விட்டுவிட்டு மலையேறப் போகிறாராம், எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிட்டார். வைடுக்கு மாட்டும் உருண்டைக் கண்ணாடியில் மட்டும் ஒரு கீறல். சாந்தோ அதைத் தடவித் தடவி, "மச்சம் மாதிரி அழகா இருக்கு, இல்ல?" என்கிறான்.

முதலில் கேமரா இல்லாமல் வெறும் ஹவுசிங்கை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தோம். மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு பேரும் வாளிக்குள் தலையை விட்டிருந்தோம். அம்மா வந்து நின்றாள்.

"ஏண்டி, முப்பத்தஞ்சு வயசுல குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டியவ, இதைக் குளிப்பாட்டறியா?"

"அத்தை, இதுவும் ஒரு சொட்டு உள்ளே போனா ஜன்னிதான்," என்றான் சாந்தோ. அத்தையாமே! அதற்குள் உறவு வைத்துவிட்டான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

ஜனவரி 27

முதல் முக்குளிப்பு. படகில் வைத்துக் கல்-காகிதம்-கத்தரி போட்டோம். ஜெயிக்கிறவர் லென்ஸ் உள்ளே போகும், அதுதான் ஒப்பந்தம். படகுக்காரர் டெலோய் அண்ணன்தான் நடுவர். நான் கல், அவன் கத்தரி. மேக்ரோ!

கீழே ஒரு கடல் அட்டையின் மேல் ஊர்ந்த குட்டி இறாலுக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டேன். உலகமே இல்லை. திடீரென்று, கூடவே இறங்கியிருந்த டெலோய் அண்ணன் தன் சிலிண்டரைக் கம்பியால் டங் டங் என்று தட்டுகிறார். நிமிர்ந்தால்... திமிங்கலச் சுறா! எங்கள் படகைவிடப் பெரிசு! வெள்ளைப் புள்ளிப் புடவை கட்டின சீமாட்டி மாதிரி தலைக்கு மேலே அசைந்து போகிறது. இந்தக் கடலில் அதைப் பார்த்தவர்களைக் கூப்பிட்டால் ஒரு ஜீப்பில் அடக்கிவிடலாம்.

என் கையில் மேக்ரோ. அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். மேலே வந்து பார்த்தால் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. திமிங்கலச் சுறாவின் ஒற்றைப் புள்ளி!

சாந்தோ படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "நான் ஏன் கத்தரி போட்டேன், நான் ஏன் கத்தரி போட்டேன்" என்று ஜெபம் சொன்னான். டெலோய் அண்ணன் வாழைப்பழ வறுவலை நீட்டினார். "கடலுக்குக் காது உண்டு தம்பி. மேக்ரோ போட்டா திமிங்கலம் வரும். வைட் போட்டுப் பாருங்க, அரிசி அளவுல ஏதாவது அதிசயம் வரும். எழுதி வெச்சுக்கோ."

எழுதி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 3

அவன் ஜெயித்தான். வைட். வந்தது அரிசி அளவுச் சிவப்பு முடி இறால். நான் மூன்று வருஷமாகத் தேடுகிற சனியன். என் மூக்குக்கு நேரே பாசியில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடியது. கைக்கெட்டினது வாய்க்கெட்டலை. முகமூடிக்குள்ளேயே அழுதேன், கண்ணாடி மங்கிவிட்டது.

பிப்ரவரி 4

டெலோய் அண்ணன் வாயில் ஃபினாயிலை ஊற்ற.

பிப்ரவரி 9

இன்று விளையாட்டுச் சண்டை இல்லை. நிஜச் சண்டை.

ஒரு நத்தையைப் படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன், சாந்தோ இல்லை. வலது பக்கம் இல்லை, இடது பக்கம் இல்லை. ஜோடியாக இறங்கினால் ஜோடியை விட்டுப் போகக் கூடாது, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. காற்றை வீணாக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேடினேன். எங்கேயோ தூரத்தில், பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சாந்தோ துரை கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் காட்டுகிறார். 'நல்லா இருக்கியா?' அதற்குப் பதிலும் அதே வட்டம்தான், 'நல்லா இருக்கேன்'. நான் காட்டவில்லை. நல்லா இல்லை, அதனால் காட்டவில்லை.

படகில் ஏறினதும் வெடித்துவிட்டேன். "லென்ஸ் எது வேணா போடு! உருண்டைக் கண்ணாடியைத் தலையில கவுத்துக்கோ! நான் நிமிர்ந்தா நீ பக்கத்துல இருக்கணும்டா. ஒவ்வொரு தடவையும் நான் நிமிர்றேன், நீ இல்ல. கட்டிக்கிட்டாலும் இப்படித்தானா? அடுப்பங்கரையிலேர்ந்து நிமிர்ந்தா ஆள் மலை மேல நிப்பியா?"

"பத்து நிமிஷத்துல வந்துடலாம்னு..."

"வராதே."

கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும். உப்பு உறைக்கணும்.

பிப்ரவரி 16

இரண்டு பேருக்குமே ஏதோ ஆகிவிட்டது.

நான்தான் விட்டுக்கொடுப்போம் என்று கிளம்பினேன். கத்தினது உறுத்தியது. "இன்னிக்குப் போட்டி வேண்டாம், வைட் போட்டுக்கலாம்," என்றேன். அவனுக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? முகம் வெளுத்துப்போய், "இல்ல இல்ல, மேக்ரோ போடு. இன்னிக்கு மேக்ரோதான்," என்கிறான்.

"எனக்காக நீ ஒண்ணும் தியாகம் பண்ண வேணாம்."

"ஐயோ தியாகம் இல்ல வெங், சொன்னா கேளேன்!"

சொன்னால் கேட்கிற ஜாதியா நான்? வைட் லென்ஸை மாட்டி, ஹவுசிங்கைப் பூட்டிவிட்டேன். டெலோய் அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

கீழே வெறும் மணல்வெளி. வைடுக்கு அங்கே என்ன இருக்கிறது? சாந்தோ ஒரு பழைய ஜின் பாட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினான். பாட்டிலுக்குள் குட்டி மீன் குடியிருக்குமே, அதுவாக இருக்கும். 'என்னிடம் வைட், எடுக்க முடியாது' என்று ஜாடை காட்டினேன். அவன் இன்னும் வேகமாக ஆட்டினான். நான் தலையை ஆட்டினேன். பொறுமை போய், அவனையே ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் நாய் மாதிரி மணலைத் தோண்டுகிறான். ஒரே கலங்கல்.

கரை வந்ததும் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நடந்தோம்.

பிப்ரவரி 17

ஃபோன் இல்லை. சேர்ந்து கேமரா வாங்கியாச்சு, பேச்சுவார்த்தை போயாச்சு. நான் வைத்த பரீட்சையில் நானே கோட்டை விட்டேனா? அம்மா மீன் குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடத் தோன்றவில்லை.

பிப்ரவரி 18

ஐயோ ஐயோ ஐயோ.

ஒரு அம்மாளுக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்யட்டும் என்று சும்மா உட்கார்ந்த நேரத்தில் அன்றைய படத்தைத் திறந்தேன். வைட் லென்ஸ் வளைத்த வளைப்பில் சாந்தோவின் முகம் பூசணிக்காயாக வீங்கி, கண் இரண்டும் பிதுங்கி... எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. அவன் கால் துடுப்புக்குப் பக்கத்தில் பாட்டில். பாட்டிலின் கழுத்தில் ஏதோ ஒரு மினுக்கல். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

மோதிரம்!

முத்து வைத்த மோதிரம் பாட்டில் கழுத்தில் மாட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு ஆக்டோபஸ் கை, சின்ன விரல் அளவுதான், வெளியே வந்து அதைப் பிடித்திருக்கிறது!

நான் போட்ட கூச்சலில் நாற்காலியில் இருந்த அம்மாள் எழுந்து ஓடப் பார்த்தாள். "பல்லுக்கு ஒண்ணுமில்லம்மா, எனக்குத்தான், எனக்குத்தான்!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். பாவம், அரைவாய் மரத்துப்போய்க் கோணலாகச் சிரித்தாள்.

உடனே டெலோய் அண்ணனைப் பிடித்தேன். கேட்ட மாத்திரத்தில் எல்லாம் கொட்டிவிட்டார். "அவன் திட்டம்தான் தங்கச்சி. நீ மேக்ரோவுல பாட்டிலைப் பாக்கறப்போ மோதிரம் தெரியணும், நிமிர்ந்தா அவன் மண்டி போட்டிருக்கணும். பாட்டில் தேடினது நான். போன வாரம் காலியாத்தான் இருந்துச்சு, சத்தியமா! நடுவுல எவன் குடிவந்தான்னு எனக்கென்ன தெரியும்? மோதிரத்தை அது உள்ள இழுத்துக்கிட்டது தெரியாம, மணல்ல விழுந்துடுச்சுன்னு தோண்டியிருக்கான். அந்தப் பய வெக்கத்துல ரெண்டு நாளா வீட்டை விட்டு வெளிய வரல."

அந்த ஒரே ஒரு நாள் நான் வைட் போட்டேன். ஒரே ஒரு நாள்!

பிப்ரவரி 22

அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "கடலுக்குப் போலாம் வா, மேக்ரோ மாட்டியாச்சு," என்றேன். அவன் தரையைப் பார்த்தான்.

"ஒரு மோதிரத்தைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. என்னை நம்பி எப்படி..."

"வாயை மூடிட்டு ஏறு."

பாட்டில் அங்கேயே இருந்தது. குடித்தனக்காரனும் அங்கேயே. முட்டைக் கண் இரண்டும் வாசலில், மோதிரம் ஒரு கையில். மணலில் படுத்து வேலையை ஆரம்பித்தேன். பயந்தால் உள்ளே போய்விடும், பழக விட வேண்டும், காத்திருக்க வேண்டும். சாந்தோ பக்கத்தில் படுத்து விளக்கைப் பிடித்தான். ஒரு தடவை மோதிரத்துக்குக் கையை நீட்டினான். பட்டென்று ஒன்று வைத்தேன். ஊர் உலகத்திலிருந்து முக்குளிக்க வருகிறவர்களையெல்லாம் 'தொடாதே, குத்தாதே' என்று திட்டுகிறவள் நான். என் மோதிரம் என்றால் மட்டும் சட்டம் மாறுமா?

கடைசியில் அது மெதுவாக வெளியே வந்தது. முத்தை உருட்டி உருட்டிப் பார்த்தது. எடுத்தேன், எடுத்தேன், சிலிண்டரில் காற்று தீரப்போகிறது என்று முள் காட்டும்வரை எடுத்தேன்.

நிமிர்ந்தேன்.

இருந்தான். அதே இடத்தில், விளக்கைப் பிடித்தபடி, குளிரில் உதடு நீலமாக. வைட் பார்க்கிறவன், ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவன், முழு சிலிண்டரும் ஒரு ஜின் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். தண்ணீருக்குள் அழுவது இந்த மாதம் இது இரண்டாவது தடவை.

விளக்கை மணலில் வைத்துவிட்டு, என் முகமூடிக்கு ஒரு சாண் தூரத்தில் இரண்டு விரலையும் வட்டமாக்கிக் காட்டினான். கேள்வி.

கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே வட்டம்தான். காட்டினேன்.

மோதிரத்தை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்தோம். செய்தி கேட்டு டெலோய் அண்ணன் சிலிண்டரைத் தட்டித் தட்டி ஊரைக் கூட்டினார்.

பிப்ரவரி 23

அம்மா: "மோதிரம் எங்கேடி?"

"ஆக்டோபஸ் கையில."

"எந்தக் கையில?" என்று கேட்டாளே பார்க்கணும்! என் அம்மாதான், சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 30

கல்யாணப் படம் எடுக்க வருகிற பையன் இன்று வந்தான். "அக்கா, வைட் நிறைய எடுக்கட்டுமா, க்ளோசப் நிறைய எடுக்கட்டுமா?" என்று கேட்டதும் நானும் சாந்தோவும் உடனே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனோம். பையன் மிரண்டுபோனான்.

நான் கல். அவன் காகிதம்.

வைட்தான். போகட்டும். எந்தப் படத்தை எடுத்தாலும் அவன் அதற்குள்ளேதான் இருப்பான்.