சதாசிவம் பேரில் கொடுத்த பல்

ஜனக்புரி, புது தில்லி
19.2.2003

அன்பு மகள் கவிதாவுக்கு அப்பா எழுதுவது.

எனக்கென்று அளவெடுத்துச் செய்த மேல்வரிசைப் பல் செட்டை வேறொருவர் வாங்கி வாயில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் நீ போனில் கேட்டபோது இன்னும் ரெடியாகவில்லை என்று நான் சொன்னது பொய். மற்றபடி நானும் உன் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், கடை ஓடுகிறது, சாணக்யபுரி கெஸ்ட் ஹவுசுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் போடுகிற ஆர்டர் இந்த வருஷமும் நமக்கே வந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற ஜீவனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கச் சென்னிமலை முருகன் துணையிருக்கட்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதையெல்லாம் எழுதாதீங்க என்று உன் அம்மா சமையலறையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டாள். எழுதாமல் இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது, கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும். தமிழ்ப் பள்ளியில் சேர்த்தது இதற்குத்தான், எழுத்துக் கூட்டியாவது படி அம்மிணி.

முதலில் உன் பல் விஷயம். கடைவாய்ப் பல் வலியை வைத்துக்கொண்டு, லெஸ்டரில் தனியார் டாக்டர் கேட்கிற பவுண்டை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு மாத்திரை போட்டுத் தூங்குகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். அது தப்பு. நம் பக்கத்து பிளாக் வேதாந்தம் சார், மத்திய சர்க்கார் மந்திரி ஆபீசில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்தவர், அவர் மருமகள் உங்கள் ஊர்ப் பக்கம்தான் பிள்ளை பெற்றாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவரைக்கும், பிறந்து ஒரு வருஷம் ஆகிறவரைக்கும் பல் வைத்தியத்துக்கு அங்கே சர்க்கார் டாக்டரிடம் காசு கிடையாதாம். ஆனால் தானாக வராது, உன்னைப் பார்க்கிற பிரசவ நர்ஸிடமோ டாக்டரிடமோ ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பினால் ஓர் அட்டை வரும், அதைக் காட்ட வேண்டும் என்றாள். சலுகை எல்லாம் இப்படித்தான், நம் கடையில் நல்ல சரக்கை உள்ளே வைத்திருக்கிற மாதிரி, கேட்கிறவனுக்கு மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. நாளைக்கே கேள்.

இனி என் கதை. தீபாவளியோடு மேல்வரிசையில் மிச்சமிருந்த நாலும் போய்விட்டது உனக்குத் தெரியும். இங்கே மார்க்கெட்டில் இருக்கிற பல் டாக்டர் பன்னிரண்டாயிரம் சொன்னார், ஒன்பதுக்குக் கேட்டேன், உடனே சரி என்றார், அப்படி ஒரே மூச்சில் மூவாயிரம் இறங்குகிறவன் சரக்கை நான் வாங்குவதில்லை, எழுந்து வந்துவிட்டேன். வேதாந்தம் சாரிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஒரு வழி, அது எனக்குக் கிடையாது. ஏழைகளின் மஞ்சள் கார்டுக்கு ஒரு வழி, வருமானச் சர்டிபிகேட் வேண்டும், நீரோ வருமான வரி கட்டுகிறவர், அந்தப் பக்கம் போனால் மாமியார் வீட்டுக்குத்தான் போவீர் என்று சிரித்தார். மூன்றாவது வழி, பல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கைபழகுகிற ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி, அறுபது தாண்டிய யாருக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒரு செட் சலுகையில் கட்டுவார்கள், வேலைக்குக் கூலியில்லை, சாமானுக்கு மட்டும் நூற்றைம்பது. எனக்கு அறுபத்தி மூன்று. நேர்மையான வழி, குறைந்த விலை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று போனேன்.

தப்பு நடந்தது பதிவு கவுண்டரில், அந்தத் தப்பு என்னுடையது. பெயர் கேட்டான், எஸ். ஜோதிலிங்கம் என்றேன். எஸ் மத்லப், எஸ் என்றால் என்ன என்றான். சதாசிவம் என்றேன். கம்ப்யூட்டரில் தட்டி அட்டையைக் கொடுத்தான், பார்த்தால் முன்னால் சதாசிவம், பின்னால் ஒரு ஜே. நம் ஊரில் அப்பன் பேருக்கு ஓர் எழுத்துதான் இடம் என்பது இந்த ஊர்க்காரனுக்கு என்றைக்குப் புரிந்திருக்கிறது. பில்லில் ஓர் எழுத்து மாறினாலும் லாரியையே திருப்பி அனுப்புகிறவன் நான், அன்றைக்குப் பின்னால் எழுபது பேர் நின்றார்கள் என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் எல்லாவற்றிலும் என்னைப் பெற்ற ஐயன், உன் அப்பாரு பேர்தான். என் வாயில் ரோஸ் நிறக் களியை அமுக்கி அச்செடுத்து, அதில் சுண்ணாம்பு ஊற்றி வார்த்த தாடை மேலேயும் பென்சிலில் சதாசிவம் என்றே எழுதியிருந்தது. அதை அலமாரியில் மற்றத் தாடைகளோடு வைத்திருந்தார்கள். நான் பார்த்தபோது கொஞ்ச நேரம் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. என் வாய்தான், ஆனால் உதடும் கன்னமும் இல்லாமல் பார்த்தால் ஐயன் சிரிக்கிற மாதிரி இருந்தது.

ஐயனை நீ பார்த்ததில்லை. சென்னிமலையில் சாயப்பட்டறையில் வேலை, அவருடைய விரல் நுனியெல்லாம் தேய்ந்து கோடே இருக்காது. எழுபத்தாறில் ஒருமுறை தில்லிக்கு வந்தார், கரோல்பாக்கில் எங்கள் ஒற்றை அறையில் இரண்டு மாசம் இருந்தார். அப்போது அவருக்கு மேல்வரிசையில் பல் இல்லை. இங்கே பெரிய ஊராச்சே, பல்லுக் கட்டுவாங்கல்ல, நோம்பி வருது, முறுக்குத் திங்கோணும் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நோம்பி என்றால் எங்கள் பக்கம் பண்டிகை. நூற்றெண்பது ரூபாய் சொன்னான் ஒரு டாக்டர். அடுத்த நோம்பிக்குள் கட்டலாம் ஐயா என்று சொல்லிவிட்டேன். கையில் பணம் இல்லாமல் இல்லை. இருந்தது. அந்த வாரம் நூல் விலை இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அடுத்த வருஷ நோம்பிக்குப் பத்து நாள் இருக்கும்போது தந்தி வந்தது.

இந்த மாசம் நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை பல்லைக் கொடுக்கிற நாள். பகல் பதினோரு மணி, வராண்டா பெஞ்சில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். வாசல் பையன் சதாசிவ் சதாசிவ் என்று கூப்பிட்டான். என்னைத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ நம் பக்கத்துக்காரர் போலிருக்கிறது, வெளியே வந்ததும் பேசலாம் என்று சந்தோஷமாகக்கூட நினைத்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கிழவர் எழுந்து போனார். முதுகைத்தான் பார்த்தேன். தலையில் துண்டு, மூட்டை சுமந்து இறங்கிய வலது தோள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தில்லியில் யார் ஆபீசுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அரை மணி ஆயிற்று, அவர் வெளியே வரவில்லை. அந்த அறைக்கு ஒரே வாசல். பிறகுதான் அட்டையில் இருக்கிற பேர் நினைவுக்கு வந்து உள்ளே ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது.

எனக்குப் பல் கட்டின பெண் ஸ்வப்னா, நாலாம் வருஷம் படிக்கிறது, அப்பா அம்மா தஞ்சாவூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே, தமிழ் பாதி இந்தி பாதி. உங்க அண்ணனா அங்கிள், இப்பத்தான் போனாங்க, பல்லு ஒரு இடத்தில்கூட ராவ வேண்டியிருக்கலை, ஏக்தம் ஃபிட், ப்ரொஃபசர் வந்து பார்த்துட்டு எனக்கு ஃபுல் மார்க் போட்டாரு என்று குதித்தது. அச்சு என் வாயில் எடுத்தது அம்மா, நான்தான் சதாசிவம் ஜே என்று அட்டையை நீட்டினேன். அதன் முகம் விழுந்துவிட்டது. முகத்தைப் பார்க்கலையா என்று கேட்டேன். வாயைத்தான் அங்கிள் பார்ப்போம் என்றது. நிஜம்தானே, அவர்கள் வேலை அது. என்ன பேசினார் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னது, ஏதோ முறுக்கு என்றாராம். அப்புறம் கேட்டது:

"அங்கிள், நோம்பி வருது நோம்பி வருதுன்னாங்க. நோம்பின்னா யாரு, அவங்க வொய்ஃபா?"

அம்மிணி, அந்தச் சொல் எங்கள் பக்கம் தவிர வேறெங்கும் கிடையாது. அந்தப் பெண் அதைத் தானாகச் சொல்ல வழியில்லை. நோட்டில் வாங்கிக்கொண்டதற்கு அடையாளம் எங்கே என்று கேட்டேன், கைநாட்டுக் காட்டினார்கள். வழுவழுவென்று நீல வட்டம், கோடு ஒன்றுகூட இல்லை. வயசானவங்களுக்குத் தேஞ்சு போயிடும் என்றான் கிளார்க். புகார் எழுதிக் கொடு, யாரோ உன் பேரில் ஏமாற்றிவிட்டான், போலீசுக்கு அனுப்புகிறேன் என்றான். எழுத உட்கார்ந்தேன். திருடினவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். உன் அம்மா மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்து, செத்தவருக்குப் பல்லைக் கட்டியுட்டுப்போட்டு நீங்க கஞ்சி குடிங்க என்றாள். வேடிக்கையாகச் சொன்னாள், ஆனால் அன்றைக்கெல்லாம் அடுப்பங்கரையில் தனியாக நிற்கவில்லை. நான் காரியக்காரன், எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், விவகாரம் எதுவானாலும் நேரில் போய்ப் பார்ப்பது. பதினொன்றாம் தேதி மறுபடி போனேன். பல் கட்டினவர்கள் ஒரு வாரம் கழித்துக் காட்ட வேண்டிய நாள் அது. அதே பெஞ்சு, அதே வெயில். சதாசிவ் என்று கூப்பிட்டான். இந்தத் தடவை வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் இருந்த பதினாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன், யாரும் அசையவில்லை. ஆனால் வாசல் பையன் ஓர் அடி ஒதுங்கி, கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, ஆயியே பாபாஜி, ஆராம் ஸே, வாங்க பெரியவரே மெதுவாக என்று வழிவிட்டான். நான் பார்த்தேன், அவன் முன்னால் யாரும் இல்லை. உள்ளே ஸ்வப்னாவின் குரல் கேட்டது, வலிக்கிறதா தாத்தா, கடிச்சுக் காட்டுங்க என்று. கொஞ்ச நேரத்தில் அது சிரித்தது. பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் எழுந்து உள்ளே போகத் தோன்றவில்லை. இருபத்தியேழு வருஷம் கழித்துக் கடித்துப் பார்க்கிற மனுஷனை நடுவில் போய் எதற்கு நிறுத்த வேண்டும்.

நேராகக் கவுண்டருக்குப் போனேன். அந்தச் செட்டை வாங்கினவர் என் அப்பா, திருட்டு இல்லை, புகார் இல்லை என்றேன். அப்படியானால் சலுகை தீர்ந்தது, ஐந்து வருஷத்துக்கு அந்த அட்டையில் வேறு செட் கிடையாது, உனக்கு என்ன வழி என்றான். உட்கார்ந்து பேசினோம், நான் பேரம் பேசவில்லை, உன் அம்மா இதைத்தான் இன்னும் நம்பவில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. உன் பாஸ்போர்ட்டில் பின்னால் ஜோதிலிங்கம் என்று என் பேரைப் போட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறமும் நீ மாற்றவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அங்கே ஆஸ்பத்திரியில் உன்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் தடவை கூப்பிட்டதுமே எழுந்துவிடு. வேறு யாரோ என்று நினைத்து உட்கார்ந்திருக்காதே. நான் கல்லு மாதிரி உயிரோடு இருக்கிறேன், உனக்குப் பதிலாக நான் எழுந்து போவேன் என்று இப்போது பயமில்லை, பழக்கம்தான் முக்கியம். பிரசவ அட்டையில் உன் பேர் முன்னால் வந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பின்னால் எத்தனை பேர் நின்றாலும் திருத்தி வாங்கு.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீ சுகப்பிரசவமாகி, நல்லபடியாகப் பிள்ளையைக் கையில் வாங்கி, பதினாறும் பெற்று இருவரும் நீண்டநாள் வாழ வேண்டும். அம்மா சித்திரையில் கிளம்பி வருவாள், டிக்கெட் போட்டாயிற்று, இஞ்சி மரப்பாவும் ஓமமும் அவளோடு வரும். பல் ஃபாரம் விஷயத்தை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செய்.

கவுண்டரில் பேசி முடித்தது இது. எனக்கு ஜோதிலிங்கம் என்ற ஒற்றைப் பேரில் புது அட்டை, புது அச்சு, சலுகை விலை நூற்றைம்பது. சதாசிவம் பேரில் போன செட்டுக்குச் சலுகை வேண்டாம், சாமானும் கூலியும் சேர்த்து முழுத்தொகை அறுநூற்றிருபது, அன்றே கட்டி ரசீது வாங்கிவிட்டேன். அந்த அட்டையை அடைக்கக் கூடாது, வருஷா வருஷம் பிப்ரவரியில் ஒருமுறை அவர் வந்து காட்டிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு
உன் அப்பா
ஜோதிலிங்கம்